இருபத்து மூன்று ஜோடிச் செருப்பு

தாமதமாக வரும் நாட்களில் அய்யாக்கண்ணு மாடிப்படி ஏறும்போதே ஒரு சாக்கைத் தயார் செய்துகொள்வான். அன்று மதியம் இரண்டு மணி ஆகியும் அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. ஹைதராபாத் ஹப்சிகுடாவில் டிபன் கடைக்கு மேலே இருந்த கல்பகம் துப்பறியும் நிலையத்தின் வாசலை இருபத்தோரு இஞ்ச் கலர் டிவி ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து கல்பகம் மேடத்தின் குரல் வந்தது.

"தாண்டி வா. உதைச்சிடாதே."

தாண்டினான். உள்ளே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றி நிறைய விபூதியும் கையில் டிவி ரிமோட்டுமாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"கேபிள் குடுக்க வந்திருக்காரா மேடம்?"

"நக்கோ. நம்ம கட்சிக்காரர். பேரு சாம்பசிவம்." கல்பகம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கழுத்து ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"குளிச்சேன் மேடம். டிசம்பர்ல தைரியமாக் குளிக்கிறவனுக்கு இந்த ஊர் குடுக்கிற மெடல்."

கல்பகம் சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைப்பதை அய்யாக்கண்ணு மூன்று வருஷமாக ஒரு தனி வேலையாகவே செய்துகொண்டிருந்தான். மதுரையில் மெடிக்கல் ரெப்பாக இருந்து, பேசிப் பேசியே டாக்டர்களுக்குத் தலைவலி மாத்திரை விற்றவன். கல்பகமோ இதே ஊர் லோத்குண்டாவில் பிறந்து, தமிழோடு ஹைதராபாத் உருதையும் கலந்து பேசி வளர்ந்தவர். பாதுகாப்புத் துறை ஸ்டோர்ஸ் ஒன்றில் பன்னிரண்டு வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணியவர். ஒரு போல்ட் குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. எண்ணிக்கை மேல் இருந்த அந்த வெறிதான் அவரை வேலையை விட்டுவிட்டு இந்த போர்டை மாட்ட வைத்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் கல்பகம்.

சாம்பசிவம் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். தார்நாகாவில் நீலதாரா கீசர்ஸ் என்று ஒரு ஷோரூம். அதில் ஏழு வருஷமாக விற்பனையாளர். அக்டோபரில் வந்த கீசர்களை மடமடவென்று விற்றதற்காகக் கம்பெனி இந்த டிவியைப் பரிசாகக் கொடுத்தது. போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்த அக்டோபர் கீசர்களில் ஒரு பாகம் கோளாறாம். தண்ணீர் சூடானதும் தானாக நிற்க வேண்டிய கீசர் நிற்காது. கொதித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் டாங்கி வெடிக்கும். வாங்கியவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கீசரைப் போடாதீர்கள், ஆள் வருகிறது என்று சொல்ல வேண்டும்.

"சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. விற்பனைப் பட்டியல்ல மொத்தம் முந்நூத்து நாப்பது கீசர். அதுல கஸ்டமர் நம்பர் மட்டும்தான் இருக்கும். பேரு, விலாசம், ஃபோனெல்லாம் கஸ்டமர் பட்டியல்ல. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல சேத்துப் பாத்தாங்க. முந்நூத்துப் பதினேழு பேர்தான் வந்தாங்க. மிச்சம் இருபத்து மூணு நம்பருக்கு ஆளே இல்லை. அந்த இருபத்து மூணும்..." ரிமோட்டைத் திருப்பி வைத்தார். "நான் வித்தது."

"எல்லாமா?"

"எல்லாமேம்மா. டிவிக்கு ஆசைப்பட்டு இல்லாத ஆளுக்கெல்லாம் பில் போட்டேனாம். டிவியை இன்னிக்கே திருப்பிக் குடுக்கணுமாம். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேனேஜர் தலைமை ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்பறார். எல்லாருக்கும் சொல்லியாச்சு, இருபத்து மூணு பொய், ஆளை நீக்கியாச்சுன்னு. வேலை போனாப் போகட்டும்மா. ஆனா நான் வித்தது நிஜம். அந்த இருபத்து மூணு வீட்லயும் இப்பவும் கீசர் ஓடிக்கிட்டிருக்கு. அவங்களுக்கு யார் சொல்றது?"

கல்பகம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே டிபன் கடையில் யாரோ இரண்டு பிளேட் பெசரட்டு கேட்டார்கள்.

"கோயில் வாசல்ல முந்நூத்து நாப்பது ஜோடி செருப்பு," என்றார் அவர். "உள்ள போய்த் தலையை எண்ணினா முந்நூத்துப் பதினேழு. மேனேஜர் என்ன சொல்றார்? மிச்ச இருபத்து மூணு ஜோடியையும் சாம்பசிவம் சார் வீட்லேர்ந்து கொண்டுவந்து போட்டுட்டார்ங்கறார்."

"எங்க ஊர்ல செருப்பு குறையும் மேடம். கூடுறது இதான் முதல் தடவை."

"அதான் பாயிண்ட். செருப்பு கிடந்தா ஆள் வந்திருக்கணும். காணாமப் போனது ஆள் இல்லை, தலை எண்ணினவன் கண்ணு." அவர் திரும்பினார். "கஸ்டமருக்கு நீங்க எழுதின ஃபாரம் இருக்குமே?"

"இந்த மாசம் ஆரம்பத்துல புது சாஃப்ட்வேர் வந்தது. இனிமே பேப்பரே இல்லாத ஆபீஸ்னு மேனேஜர் எல்லா ஃபாரத்தையும் எடைக்குப் போட்டுட்டார். கஸ்டமர்கிட்ட ஒரு ரோஸ் காப்பி இருக்கும்."

"ஷோரூம்ல கேக் வெட்டினாய்ங்களா?" என்றான் அய்யாக்கண்ணு.

"வெட்டினாங்க தம்பி."

"உங்க வீட்ல என்ன கீசர்?" என்று கல்பகம் திடீரென்று அவன் பக்கம் திரும்பினார்.

"வெள்ளைக் கலர் மேடம்."

"கம்பெனி?"

"வீட்ல நான் துப்பறியறதில்லீங்க. கடை கண்ணி எல்லாம் என் வீட்டுக்காரி தங்கத்தோட இலாகா. தீபாவளிக்கு வாங்கி மாட்டுனா. நம்மளுக்கு ஃபோன் எதுவும் வரலை, அதனால இந்தக் கீசரா இருக்காது."

அது நியாயமான பேச்சாகத்தான் அவனுக்குப் பட்டது. கல்பகமும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"இருபத்து மூணு பேர்ல ஒருத்தர் முகமாவது ஞாபகம் இருக்கா சார்?"

சாம்பசிவம் கண்ணை மூடினார். சீசனில் ஒரு நாளைக்கு நூறு முகம் வரும். ஆனால் ஒரு பெண்ணை மறக்க முடியாது என்றார். கீசரைத் துப்பட்டாவால் அளந்தாராம். அவர் வாடகைக்கு இருக்கும் சைனிக்புரி வீட்டில் மாமரக் கிளை ஒன்று பாத்ரூம் ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறதாம். வெட்ட வீட்டுக்காரர் விடமாட்டாராம். கிளைக்கும் சுவருக்கும் நடுவில் கீசர் நுழையுமா என்று பார்க்கத்தான் அந்த அளவு.

"போதும்," என்று கல்பகம் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "நீங்க டிவிக்குக் காவல் இருங்க."

*

மௌலாலியைத் தாண்டி, ஈசிஐஎல் சந்திப்பின் நெரிசலில் நீந்தி, சைனிக்புரிக்குள் நுழைந்ததும் அய்யாக்கண்ணுவின் நம்பிக்கை ஸ்கூட்டரை விட்டு இறங்கிவிட்டது. தெருவெல்லாம் நிழல். ஒவ்வொரு காம்பவுண்டிலும் மாமரம். பாதி வீடுகளில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்.

"மேடம், ஒவ்வொரு பாத்ரூமா எட்டிப் பாத்தா இவிய்ங்க சுட்டுருவாய்ங்க. சுடப் படிச்சவிய்ங்க வேற."

"ஹவ், ஆமா. அதான் எட்டிப் பாக்கப் போறதில்லை."

முதலில் தென்பட்ட பெயர்ப்பலகை, மேஜர் வரதராஜன், ஓய்வு. வாசலில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் குரோட்டன்ஸ் செடிகளை வரிசையாக நிற்க வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கல்பகம் வண்டியை நிறுத்தின வேகத்தில் இடுப்பில் கை வைத்தார்.

"மேஜர் சார், உங்க மாமரக் கிளை அடுத்தவங்க பாத்ரூமுக்குள்ள போயிருக்குன்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு."

மேஜரின் மீசை நிமிர்ந்தது. "என் மரமா? என் மரம் எல்லை தாண்டினதே இல்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை ட்ரிம் பண்றேன். அது கர்னலோட மரம். நேரா இருநூறு மீட்டர், இடது பக்கம் திரும்பு, மூணாவது வீடு, பச்சை கேட். அந்த ஆள்கிட்ட ஒழுங்குங்கறதே கிடையாது. நான் சொன்னேன்னு சொல்லு."

"சொல்றேன் சார்."

வண்டி நகர்ந்ததும் அய்யாக்கண்ணு கேட்டான். "குத்தவாளியத் தேடுனா எவனும் காட்டிக் குடுக்க மாட்டான். குத்தம் சாட்டுனா எதிர்வீட்டுக்காரனக் காட்டிருவாய்ங்க. இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு மேடம்?"

"எங்க குவார்ட்டர்ஸ்ல தண்ணிக் குழாயடியில இருந்தது."

பச்சை கேட்டின் மாடிப் போர்ஷனில் கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி அடையாள அட்டை. ராத்திரி ஷிப்டு முடிந்து தூங்கி எழுந்த கண்கள். தமிழில் பேச்சைக் கேட்டதும் அந்தக் கண்கள் முழுசாகத் திறந்துகொண்டன.

"தமிழா? வாங்க, வாங்க. நான் ஃபாத்திமா, மேலப்பாளையம். தண்ணி குடிக்கியளா?"

"முதல்ல கீசரை அணைங்க," என்றார் கல்பகம்.

பாத்ரூமில் மாமரக் கிளை விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வெள்ளைக் கீசர். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிளையின் இலைகள் நீராவியில் வெந்து துவண்டிருந்தன. ஃபாத்திமா ஸ்விட்சைத் தட்டினாள். விஷயத்தைக் கேட்டதும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"இந்த லைட்டு அணையவே செய்யாது. சரி, நல்லா உழைக்கின்னுல்லா நெனச்சேன். எனக்கு யாருமே ஃபோன் பண்ணலியே?"

"நீங்க இல்லவே இல்லைன்னு கம்பெனி சொல்லுது," என்றான் அய்யாக்கண்ணு. "உங்கள நேர்ல பாத்ததுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

அவள் பீரோவைக் குடைந்து ரோஸ் காப்பியைக் கொண்டுவந்தாள். கஸ்டமர் நம்பர் இருந்தது. சாம்பசிவத்தின் முத்து முத்தான எழுத்தில் பெயர், விலாசம், ஃபோன் எல்லாம் இருந்தன. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. கல்பகம் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"சர்நேம். ஏன் எழுதலை?"

"இருந்தால்லா எழுத? அந்தப் பெரியவரு கேட்டாரு. எனக்குக் கிடையாதுன்னேன். எனக்கும் கிடையாது, விட்ருவோம்மான்னாரு." ஃபாத்திமா சிரித்தாள். "இதோட நான் படுத பாடு. போன வாட்டி ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டப்போ சர்நேம் இல்லாம மெஷின் எடுக்கலன்னு, ஃபாத்திமா ஃபாத்திமான்னு போட்டுட்டான். ஏர்போர்ட்டுல கூட வர்றவங்க எங்கன்னு கேட்டாவ."

கல்பகம் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டோர்ஸில் தொலைந்த போல்ட் இருக்கும் அலமாரியைக் கண்டுபிடித்தவுடன் இப்படித்தான் நிற்பார் என்று யாரோ சொல்லி அய்யாக்கண்ணு கேள்விப்பட்டிருந்தான்.

"மணி என்ன?"

"நாலேகால் மேடம்."

"ஃபாத்திமா, நீயும் ஏறு."

"ஸ்கூட்டர்லயா? மூணு பேரா?"

"அய்யாக்கண்ணு, நீ ஷோரூமுக்கு ஆட்டோல வா. வழியில சாம்பசிவம் சாரை ஏத்திக்கோ."

*

ஆட்டோவில் சாம்பசிவம் ஏறினார். டிவியும் ஏறியது. மிச்சமிருந்த இடத்தில் அய்யாக்கண்ணு ஒரு காலை வெளியே தொங்கவிட்டுத் தார்நாகா வந்து சேர்ந்தபோது மணி நாலு அம்பது.

நீலதாராவின் மேனேஜர் சலபதி ராவ், கண்ணாடி அறையில் ரிப்போர்ட்டை அனுப்பும் பொத்தான் மேல் கிட்டத்தட்ட விரலை வைத்துக்கொண்டே அவர்களை வரவேற்றார். ஃபாத்திமாவைப் பார்த்தார். ரோஸ் காப்பியைப் பார்த்தார். பிறகு தெலுங்கில் நிதானமாகச் சொன்னார்.

"சரிங்க. இந்தம்மா நிஜம். ஒருத்தர். பொய் சொல்றவன் நடுவுல ஒரு நிஜத்தைக் கலக்கத்தானே செய்வான்? மிச்சம் இருபத்து ரெண்டு எங்கே?"

சாம்பசிவம் டிவி மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"உங்க கம்ப்யூட்டருக்குள்ளதான்," என்றார் கல்பகம், அதே தெலுங்கில். "ரெண்டு பட்டியலையும் சேத்தது யாரு?"

மூலையில் பெரிய மானிட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. அஸ்வினி, இருபத்து மூன்று வயது, கம்ப்யூட்டர் பிரிவு முழுவதும் அவள்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடம் முழுக்க ஹைதராபாத். தமிழில் கேட்டால் மூன்று மொழியில் பதில் சொல்வாள்.

"அம்மா அஸ்வினி, ரெண்டையும் சேக்கும்போது ஒரு நம்பருக்கு ஆள் கிடைக்கலேன்னா அந்த வரியை என்ன பண்ணுவே?"

"ஆன்ட்டி, மேட்ச் ஆகலேன்னா அது ரிசல்ட்லயே வராது. ரெண்டு பக்கமும் இருந்தாதான் வரும். அட்லா செட் பண்ணிருக்கேன்."

"ஆள் இல்லேன்னாலும் விற்பனை வரி வரட்டும், பேரு இடம் காலியா இருக்கட்டும்னு சேக்க முடியாதா?"

"முடியும். பட் காலியா இருந்தா நீட்டா இருக்காது."

"சரி. அதுக்கு முன்னாடி, புது சாஃப்ட்வேர்ல கஸ்டமர் பட்டியலை ஏத்தினியே, அப்போ முழுசா இல்லாத வரியை?"

அஸ்வினி கொஞ்சம் யோசித்தாள். "சாஃப்ட்வேர் கேட்டுச்சு. சில ரெக்கார்ட்ஸ்ல கம்பல்சரி கட்டம் காலியா இருக்கு, டெலிட் பண்ணவான்னு. எஸ் கொடுத்தேன். தப்பு ரெக்கார்ட்ஸ்தானே? சர்நேம் இல்லாத மனுஷங்க எக்கட இருப்பாங்க?"

சாம்பசிவம், ஃபாத்திமா, கல்பகம், அய்யாக்கண்ணு என்று நாலு பேரும் அவளையே பார்த்தார்கள். நாலு பேரிடமும் சேர்த்து ஒரு சர்நேம் தேறாது.

"உன் சர்நேம் என்ன கண்ணு?" என்றார் கல்பகம் மெதுவாக.

"வெங்கட்ரமணன்."

"அப்பா பேரு?"

"அதே." சொல்லிவிட்டு அஸ்வினி நின்றாள். "ஓ. வெயிட். அப்போ அப்பாக்கு சர்நேம்..." அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கல்பகம் மேனேஜரிடம் திரும்பினார். "தெலுங்குல எல்லாருக்கும் வீட்டுப் பேரு இருக்கு. அதனால உங்க மத்த விற்பனையாளர்கள், ஆள் யாரா இருந்தாலும் கேட்டு வாங்கி அந்தக் கட்டத்துல எதையோ ஒண்ணை நிரப்பினாங்க. தமிழ்க்காரங்க ஷோரூமுக்குள்ள வந்ததும் தமிழ் பேசற ஆளைத் தேடி இவர்கிட்ட வந்தாங்க. இவர் இல்லாத பேரை எழுத மனசு வராம காலியா விட்டார். ஒரு பொய் எழுதியிருந்தா இவருக்கு இந்தப் பழி வந்திருக்காது. அஸ்வினி, தூக்கிப் போட்ட வரியெல்லாம் எங்கேயாவது கிடக்குமே?"

"ரிஜெக்ட்ஸ்னு ஒரு ஃபைல்." அவள் விரல்கள் பறந்தன. "யாரும் ஓப்பன் பண்ணவே இல்லை."

திறந்தாள். நாற்பத்தொரு வரிகள். அதில் அக்டோபர் கீசர் வாங்கியவர்களை மட்டும் பிரித்ததும் திரையின் அடியில் ஓர் எண் வந்து நின்றது. இருபத்து மூன்று.

"அம்மாடி," என்று சாம்பசிவம் தன் பரிசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அஸ்வினி சத்தமாகப் படித்தாள். "கணேஷ்குமார், ஹப்சிகுடா. ஃபாத்திமா, சைனிக்புரி. கனகவல்லி, லோத்குண்டா. சுப்பிரமணியம், லோத்குண்டா." ஒவ்வொரு பெயருக்கும் அய்யாக்கண்ணு கையைத் தட்டினான். வழக்கு முடிந்த குஷியில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாலா, ஹப்சிகுடா. தங்கம், ஹப்சிகுடா, எட்டாம் நம்பர் தெரு, மாவு மில் மாடி..."

தட்டப் போன கைகள் நடுவழியில் நின்றன.

"மேடம்," என்றான். "அது எங்க வீடு."

கல்பகம் அவன் கழுத்தைப் பார்த்தார். அவன் மதியம் சொன்ன நியாயம் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஃபோன் வரலை, அதனால இருக்காது. மேனேஜர் வாரம் முழுக்கச் சொன்ன அதே நியாயம். தங்கம் ஸ்கூல் வேலை முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வருவாள். வந்ததும் முதல் காரியம் கீசர்.

மேஜையில் இருந்த ஃபோனைப் பிடுங்கினான். நம்பர் தப்பிப் போயிற்று. மறுபடி அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது மணி, ஏழாவது மணி. அஸ்வினி ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"யாரு?" என்றது தங்கத்தின் குரல்.

"குளிச்சிட்டியா?"

"ஆபீஸ் ஃபோன்ல கேக்குற கேள்வியாய்யா இது? துண்டோட நிக்கிறேன்."

"பாத்ரூமுக்குள்ள போகாத. மெயின் ஸ்விட்ச்ச அணை. கீசர் வெடிக்கப் போகுது. போ தாயி, கேள்வி கேக்காம போ."

அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்று தங்கத்தை ஓட வைத்தது. காலடிச் சத்தம். ஒரு டக். பிறகு லைனில் இரைச்சல் மட்டும். அய்யாக்கண்ணு மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வாழ்நாளில் அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"அணைச்சிட்டேன்," என்றது குரல், மூச்சு வாங்க. "உள்ள கடகடன்னு ஒரு சத்தம், ரயில் வர்ற மாதிரி. என்னய்யா கீசர் இது? அந்த விபூதிப் பெரியவரு நல்லாத்தான் பேசி வித்தாரு. ஓசி வாளி தர்றேன்னாரு. அதுவும் வரல."

சாம்பசிவம் டிவியிலிருந்து எழுந்து ஃபோனைப் பார்த்துக் கை கூப்பினார். "அம்மா, வாளியை நானே நாளைக்குக் கொண்டுவந்து தரேன்," என்றார். பிறகு கைக்குட்டையைத் தேடினார்.

சலபதி ராவ் மணியைப் பார்த்தார். அஞ்சு அடிக்க மூன்று நிமிஷம். பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். எழுதி வைத்திருந்த ரிப்போர்ட்டை அழித்தார். "சாம்பசிவம் காரு," என்றார் தெலுங்கு மரியாதையில், தலையைத் தூக்காமல், "டிவியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி, இந்தப் பேரையெல்லாம் நீங்களே கூப்பிடுங்க. தமிழ்ல சொன்னாத்தான் சீக்கிரம் அணைப்பாங்க." சாம்பசிவம் ஏற்கெனவே அடுத்த நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

அஸ்வினி இருபத்து மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் திரும்ப ஏற்றினாள். தங்கத்தின் வரி வந்ததும் கர்சர் அந்தக் காலிக் கட்டத்தில் நின்று கண் சிமிட்டியது. அவள் தயங்கி, முதல் தடவையாக முழுத் தமிழில் கேட்டாள்.

"அண்ணா, இந்த இடத்துல என்ன போடட்டும்?"

அய்யாக்கண்ணுவிடம் பதில் தயாராக இருந்தது.

"காலியாவே விடு தாயி. வரிய மட்டும் எடுத்துறாத."

பின்னாலிருந்து ஒரு புதிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கல்பகம் மேடம் சிரித்துக்கொண்டிருந்தார்.